மூன்றாம் பாடவேளைக்கு வராதவர்

"வணக்கம். உங்கள் பிள்ளை டெலனி நோவாக் இன்று மூன்றாம் பாடவேளைக்கு வரவில்லை."

டாரில் நோவாக்கின் கையில் டயர் இருந்தது, போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. இரண்டில் டயர்தான் கீழே விழுந்தது.

"என் பொண்ணா? அவ காய்ச்சலோட கூட ஸ்கூலுக்குப் போறவளாச்சே."

போனில் பேசியது மெஷின். அதற்கு டெலனியைப் பற்றி என்ன தெரியும். "இதை மறுக்க விரும்பும் பெற்றோர், கல்லூரி பி கட்டடம், அறை நூற்றுப் பதினான்கில், மூன்றாம் பாடவேளையில் நேரில் தெரிவிக்கவும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

அன்று மாலை டாரில் மகளிடம் கேட்டார். அவள் அசரவே இல்லை.

"மூணாவது பீரியட்ல நான் காலேஜ்ல இருப்பேன்ப்பா. ரெண்டு எடத்துலயும் என் பேரு இருக்கறதால மெஷின் குழம்பியிருக்கும். ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன்."

"காலேஜுக்கா? நானா?"

"கடிக்க மாட்டாங்கப்பா."

டெலனி படித்தது சார்ட்டர் பள்ளி. அரசாங்கப் பணம், தனி நிர்வாகம், முழுக்க முழுக்கத் தொழில்நுட்பம். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் இடம். குலுக்கலில் மகள் பெயர் வந்த நாளில் டாரில் டயர் கடையில் இருந்த எல்லோருக்கும் டோநட் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் மணி அடிப்பதில்லை. ஆசிரியர்களின் கணினி கெட்டுப்போனால் பிள்ளைகள்தான் சரி செய்வார்கள். மதியம் சாப்பிட்டதும், மூன்றாம் பாடவேளைக்கு, பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய், தாடி வைத்த ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து நிஜமான கல்லூரிப் பாடம் படிப்பார்கள். பள்ளிச் சான்றிதழ் கிடைக்கும்போது கூடவே இரண்டு வருடக் கல்லூரிப் பட்டமும் கையில் இருக்கும். பதினேழு வயதில் பட்டம். இதையெல்லாம் டாரில் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். காற்றடிக்க மட்டும் வந்தவர்கள்கூடத் தப்ப முடியாது.

சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. டாரில் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. கடைசி வருடத்தில் பாதியில் நின்றவர். இது டெலனிக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவர் வாழ்க்கையிலேயே கட்டிக் காத்த ஒரே ரகசியம். கல்லூரியில் பெயர் பதியும்போது, "அப்பா, நீங்க எந்த வருஷம் ஸ்கூல் முடிச்சீங்க?" என்று அவள் கேட்டாள். "தொண்ணூத்தெட்டு" என்றார். இரண்டாவது தடவை கேட்டபோது தொண்ணூற்றொன்பது என்றார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். கணக்கில் புலியான பெண், ஒரு வருடத்தைக் கவனிக்காமல் விட்டாளே என்று டாரில் நிம்மதிப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை, கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நூற்றுப் பதினான்காம் அறைக் கதவைத் தட்டினார். உள்ளே மேஜைகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலகை அருகே மிஸஸ் லாட்டிமர் என்ற ஆசிரியை நின்றிருந்தார்.

"நான் என் பொண்ணுக்காக வந்தேங்க" என்றார் டாரில்.

மிஸஸ் லாட்டிமரின் முகம் கனிந்துவிட்டது. "இங்க எல்லாருமே புள்ளைங்களுக்காகத்தாங்க வராங்க. வெக்கப்படாதீங்க. உக்காருங்க. பேரு?"

"இல்லீங்க, நான் வந்து..."

"பேரு மட்டும் சொல்லுங்க."

பேர் கேட்டால் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே. சொன்னார். உட்கார்ந்தார். ஆசிரியை அவர் பெயரைக் கணினியில் வருகைப் பதிவில் ஏற்றினார். பலகையில் பின்னக் கணக்கு இருந்தது. பக்கத்து மேஜையில் இருந்த லாரி டிரைவர் அவர் பக்கம் சாய்ந்து, "நீங்க எத்தனாவதுல நின்னீங்க?" என்று கேட்டபோதுதான் இது என்ன வகுப்பு என்று புரிந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் முடிப்பதற்கான வகுப்பு.

மகள் இதே வளாகத்தில் எங்கோ இருக்கிறாள். டாரில் சட்டென்று கையைத் தூக்கினார்.

"மேடம், பாத்ரூம் போகணும். பாஸ் சீட்டு குடுங்க."

வகுப்பே சிரித்தது. "இங்க பாஸெல்லாம் கெடையாது சார். நீங்க பெரியவரு, போயிட்டு வாங்க."

போனார். வரவில்லை. நேராகப் பார்க்கிங், அங்கிருந்து டயர் கடை.

வியாழக்கிழமை கடையில் கூட்டம். முதல் பனி விழப்போகிறது என்று செய்தியில் சொன்னதும் ஊரே பனி டயர் மாற்ற வந்திருந்தது. டாரிலின் கையெல்லாம் கறுப்பு. போன் அடிக்கவும், கூட வேலை பார்க்கும் ரஸ் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம். உங்கள் பிள்ளை டாரில் நோவாக் இன்று மூன்றாம் பாடவேளைக்கு வரவில்லை."

கடை முழுக்கக் கேட்டது. ரஸ் போனைப் பார்த்தான், டாரிலைப் பார்த்தான்.

"ஏண்டா, உனக்கு நீயே புள்ளையா?"

"அது... என் தம்பி மகன். அவனுக்கும் என் பேருதான்."

"உனக்குத் தம்பியே கெடையாதேடா."

டாரில் போனைப் பிடுங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டார். அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்டார்.

"பெயரை நீக்க, ஒன்றை அழுத்தவும்" என்றது மெஷின்.

அழுத்தினார்.

"பெயரை நீக்க, முதல் தேர்வில் தேறவும். நன்றி."

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள். டாரிலுக்கு அந்த மெஷின் மீது மதிப்புத்தான் கூடியது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் செய்ததாகத்தான் இருக்கும், எவ்வளவு கறாராக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டார். சிக்கல் என்னவென்றால், மெஷினைச் சரி செய்யச் சொல்லி டெலனியிடம் கேட்க முடியாது. கேட்டால், உங்க பேரு எப்படிப்பா அந்த கிளாஸ்ல வந்துச்சு என்பாள். பள்ளியில் போய்ச் சொன்னாலும் அவள் காதுக்கு வந்துவிடும். போன் வராமல் இருக்க ஒரே வழி, வகுப்புக்குப் போவது.

முதலாளியிடம், பல் டாக்டரைப் பார்க்கணும், செவ்வாயும் வியாழனும் மதியம் லீவு வேணும் என்று கேட்டு வாங்கினார்.

"உனக்கு மொத்தம் எத்தன பல்லுடா?" என்று ரஸ் மூன்றாவது வாரத்தில் கேட்டான்.

பல் விஷயம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. டெலனி பதறிப்போனாள். அம்மா பிரிந்து சிகாகோவுக்குப் போன நாளிலிருந்து அந்த வீட்டில் ராத்திரிச் சமையல் அவள் பொறுப்பு.

"சொல்லவே இல்லியேப்பா. பாவம். இனிமே நீங்க கடிச்சே சாப்பிடக் கூடாது."

அன்று முதல் டாரிலுக்கு மசித்த உருளைக்கிழங்கு. மறுநாள் கஞ்சி மாதிரி சூப். அதற்கு மறுநாள் மசித்த பட்டாணி. எதிரில் உட்கார்ந்து டெலனி போலந்து சாசேஜை மொறுமொறுவென்று கடித்துச் சாப்பிட்டாள்.

"ஒரு துண்டு குடேன்."

"பல்லு என்னாவும்ப்பா?"

மசித்ததைத் தின்றுகொண்டே டாரில் படித்தார். வண்டிக்குள் உட்கார்ந்து படித்தார். டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று படித்தார். ஆங்கிலம் பரவாயில்லை. வரலாறு பிடித்தே போனது. இயற்கணிதம்தான் கழுத்தைப் பிடித்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் அவரைப் பள்ளியிலிருந்து துரத்தியதும் அதேதான்.

அதிலும் ஒரு அதிர்ஷ்டம் வந்தது. ஜூனியர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை டெலனி பள்ளியில் ஏற்றிருந்தாள்.

"அப்பா, நான் சொல்லிப் பாக்கணும். சும்மா எதிர்ல உக்காந்து கேளுங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லணும். அப்பத்தான் எனக்கு நான் சரியா சொல்றேனான்னு தெரியும்."

டாரில் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். அவள் சாப்பாட்டு மேஜையில் தக்காளி சாஸ் பாட்டிலை எக்ஸ் என்று வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கமும் எடுக்கணும்ப்பா, டயர் மாத்தறப்ப ரெண்டு பக்கமும் ஒரே அளவு போடறீங்கல்ல, அது மாதிரி. அவரை அத்தனை வருடம் மிரட்டிய விஷயம் ஒரு பாட்டிலும் ஒரு உப்பு டப்பாவுமாக உட்கார்ந்திருந்தது. என்ன பிள்ளை இது என்று நெஞ்சு நிறைந்துபோனது அவருக்கு. இவளுக்கு அப்பனாக இருக்கத் தனக்கு என்ன தகுதி என்றும் தோன்றியது. மறுநாள் தேர்வில் அப்படியே அந்தக் கணக்குத்தான் வந்தது.

முதல் தேர்வில் தேறினார். மெஷின் பெயரை நீக்கவில்லை. "வாழ்த்துகள். உங்கள் பிள்ளை டாரில் நோவாக் முன்னேறி வருகிறார். பெயரை நீக்க, இரண்டாம் தேர்வில் தேறவும்" என்றது. டாரிலுக்குக் கோபம் வரவில்லை. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு டெலனியின் கல்லூரி மதிப்பெண்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஏ. மென்பொருள் வகுப்பில் மட்டும் பி.

டாரில் கொதித்துப்போனார். "எந்த வாத்தியார்? எங்க இருக்கான் அவன்? நான் போய்க் கேக்கறேன்."

"விடுங்கப்பா. அந்த ஆளுக்கு கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும். மனுஷங்களப் பத்திதான் தெரியாது."

"உனக்கு ஒரு பி போட அவனுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"எனக்கு அதுல வருத்தமே இல்லப்பா. உருளைக்கெழங்கு இன்னும் கொஞ்சம் போடவா?"

பனி கரைந்தது. ஏப்ரலில் கடைசித் தேர்வும் முடிந்தது. மிஸஸ் லாட்டிமர் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க பொண்ணுக்காக வந்தீங்க, முடிச்சிட்டீங்க பாத்தீங்களா" என்றார். டாரில் பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். லாரி டிரைவர் வந்து கண்ணாடியைத் தட்டி, அவரும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தபோதுதான் கல்லூரியிலிருந்து பட்டமளிப்பு விழாப் பட்டியல் வந்தது. பட்டம் வாங்குகிறவர்கள், பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், எல்லோருக்கும் ஒரே மேடை. பெயர் வரிசைப்படி அழைப்பார்கள். டாரில் விரலை வைத்துத் தேடினார்.

நோவாக், டாரில்.

நோவாக், டெலனி.

மேடைப் படியில் அவருக்கு நேர் பின்னால் மகள் நிற்பாள். ஊர் முழுக்கப் பார்க்க, பதினேழு வயதில் கல்லூரிப் பட்டம் வாங்க வந்த பெண்ணுக்கு முன்னால், பள்ளிச் சான்றிதழ் வாங்க அப்பா நிற்பார். ரகசியம் போனாலும் போகட்டும். அவளுடைய நாள் அது. அதைக் கெடுக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

மெஷினைக் கூப்பிட்டார். "விழாவுக்கு வர இயலாதவர்கள் இரண்டை அழுத்தவும்" என்றது. அழுத்தினார். "விழாவுக்கு வராதவர்களின் பெயர் ஒலிபெருக்கியில் மூன்று முறை வாசிக்கப்படும். நன்றி."

இதற்கு மேல் பொறுக்க முடியாது. இந்த மெஷின்தானே எல்லாவற்றையும் ஆரம்பித்தது. அன்று மதியம், டெலனி கல்லூரியில் இருக்கும் நேரம் பார்த்து, அவளுடைய பள்ளி அலுவலகத்துக்குப் போனார். அங்கே டார்லீன் இருந்தார். வருகைப் பதிவு, தொலைந்த கையுறை, வயிற்றுவலி என்று அந்தப் பள்ளியில் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும்.

"டெலனி அப்பாவா? வாங்க வாங்க. என்ன பொண்ணு சார் பெத்திருக்கீங்க. என் பிரிண்டர் இப்ப ஓடுதுன்னா அவளாலதான்."

டாரிலுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் வந்த வேலையை மறக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு உதவி. அந்தப் போன் பண்ற மெஷின்ல இருந்து என் பேர எடுக்கணும். டெலனிக்குத் தெரிய வேணாம்" என்றார்.

"எந்த மெஷின்?"

"புள்ளைங்க வரலன்னா வீட்டுக்கு போன் பண்ணுமே."

"அது நான்தானே சார் பண்றேன். இங்க எல்லாத்துக்கும் மெஷின் வந்தாச்சு, என் வாய்க்கு மட்டும் இன்னும் வரல. உங்க வீட்டுக்கு நான் பண்ணினதே இல்ல. டெலனி ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லையே."

டாரில் போனை எடுத்து, சேமித்து வைத்திருந்த செய்தியைப் போட்டுக் காட்டினார். "வாழ்த்துகள். உங்கள் பிள்ளை டாரில் நோவாக் முன்னேறி வருகிறார்."

டார்லீன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"அட, இது டெலனி காலேஜுக்காகப் பண்ணின மெஷினாச்சே. பாவம் சார் கொழந்த, எவ்வளவு ஒழைச்சா இதுக்கு. மூளையுள்ள மனுஷன் எவனும் இந்தக் குரல ஒரு நாள்கூட நம்ப மாட்டான்னு சொல்லித்தானே அந்த வாத்தியார் பி போட்டுட்டாரு."