ரெண்டாஞ்சுற்று அண்ணையின் தேத்தண்ணி

எந்த நாட்டு ஜனாதிபதியும் டார்னெய்ட் புறநகரில் எங்கள் வாடகை வீட்டுக் குசினிக்கு வந்துபோகாமல் பதவியேற்றதில்லை. வரவழைத்தவர் ரெண்டாஞ்சுற்று அண்ணை.

மன்னார்க்காரர். வாக்குரிமை கிடைக்கும் வயதில் படகில் இருந்தார். அதற்குப் பிறகு தற்காலிக விசா. எங்கும் ஒருதரமும் வாக்குப் போடாதவர். ஆனால் உலகின் எந்த மூலையில் இரண்டு சுற்றுத் தேர்தல் நடந்தாலும் அவருக்குத் தூக்கமில்லை. முதல் சுற்றை மதிக்கமாட்டார்.

"அது சும்மா சனத்தைக் கழிக்கிறது, தம்பி. மிஞ்சிற ரெண்டு பேரும் எங்கட வீட்டுக்கு வரட்டும்."

இரண்டு கதிரைகளில் இரண்டு பேரின் படம். முன்னால் ஆளுக்கொரு பால் தேத்தண்ணி. எதில் முதலில் ஆடை படிகிறதோ, அந்த ஆள் தோற்றார். ஒரே கேத்தல், ஒரே பால், ஒரே கோப்பை. ஆனாலும் ஒன்றில் ஆவி பறக்கும். மற்றது பிணத்தின் நெற்றிபோலச் சில்லிட்டுவிடும். ஒருதரமும் கணிப்புப் பிழைத்ததில்லை. ஒருமுறை வெல்கிறவரின் கோப்பை கால்வாசி குறைந்திருந்தது. வீட்டில் நானும் மற்ற மூன்று பொடியன்களும் தொடவேயில்லை.

"களைச்சுப்போய் வந்திருப்பார்," என்றார் அண்ணை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரம் படித்துக்கொண்டிருந்தேன். பயப்படுவது எனக்கு அழகல்ல. "எல்லாம் அரைக்கு அரை சான்ஸ், அண்ணை," என்றேன்.

"ஓம். தோக்கிற அரை பிறகு எங்க போய் இருக்கும் எண்டு உங்கட வாத்தி சொன்னவரோ?"

அதன்பிறகு அந்தக் கதிரைகளில் நான் உட்கார்ந்ததில்லை.

அவருடைய அகதி வழக்கு தோற்றது. "முதல் சுற்றுத்தானே," என்றார். மேன்முறையீடும் தோற்றால் திரும்பிப் போகவேண்டும். முடிவு வரும் காலையில், ஒரு கதிரையில் தன் படத்தை வைத்தார். மற்றதை வெறுமையாக விட்டார்.

"தீர்ப்புச் சொல்லுறவைக்கு முகமில்லை, தம்பி."

இரண்டு கோப்பையும் ஊற்றிவிட்டு, பார்க்கத் துணிவில்லாமல் வாசலில் போய் நின்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். வெறுங்கதிரை மேசைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதன் கோப்பையில் ஆவி ஆடியது. அண்ணையின் கோப்பை ஓரத்தில் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. புள்ளிவிவரத்தை மறந்து அதை வழித்தெடுத்தேன். ஒரு கரண்டி சுடுதண்ணி விட்டு, வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன்.

மற்றப் பொடியன்களும் ஒவ்வொருவராய் வாசலுக்கு வந்துசேர்ந்தபோது அவருடைய போன் அடித்தது, லோயர். "ஓம்... ஓம்..." என்று கேட்டவர், எங்களுக்கு ஒன்றும் சொல்லாமல் நேரே குசினிக்குள் போனார்.

அவருடைய கோப்பை விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்துகொண்டிருந்தது.

"ஆரடா ஊத்தினது?"

 அண்ணை தன் படத்தை எடுத்துவிட்டு அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"வெறும் சுடுதண்ணி," என்றார். "வெண்டிட்டன்."

நான் விட்டது ஒரு கரண்டிதான். மற்ற மூன்று பேரையும் பார்த்தேன். மூவருமே கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.