அத்தானின் சிவப்புக் காருக்குக் குத்தரிசி வைத்த கதை

ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களால் பெரிய ஆபத்தில்லை. அவர்கள் பேசாமல் இருப்பார்கள். எல்லாம் தெரிந்தவர்களும் பேசாமல் வேலையைப் பார்ப்பார்கள். உலகத்தைக் கெடுப்பது, மூன்று வீடியோ பார்த்துவிட்டு "விடுங்கோ, நான் செய்யிறன்" என்று சட்டைக்கையை மடிக்கிற கூட்டம்தான். நான் அந்தக் கூட்டத்தில் கொடி பிடித்து முன்னால் போன ஆள். போதாக்குறைக்கு அப்போது மெக்கானிக்கல் எஞ்சினியரிங் இரண்டாம் வருடம் வேறு. (இரண்டாம் வருடத்தில் ஒரு எஞ்சினைக்கூட நேரில் காட்டமாட்டார்கள். ஆனால் அது வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரியாதே.)

அக்காவைக் கட்டிய அத்தான் கியூபெக்கில், வில்லரே என்ற பகுதியில் ஒரு மாடி வீட்டில் இருந்தார். கராஜ் கிடையாது. கார் எப்போதும் ரோட்டோரத்தில்தான். அந்தக் கார் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், மடித்துவிடக்கூடிய துணிக்கூரை, நிலத்தோடு ஒட்டிய உயரம். அதில் யாரும் ஏறுவதில்லை, விழுவதுதான். அம்மா ஒருமுறை விழுந்துவிட்டு எழும்ப முடியாமல், "நீங்கள் கோயிலுக்குப் போட்டு வாங்கோ, நான் இதுக்குள்ளயே இருக்கிறன்" என்று கோயில் வாசலிலேயே இருந்துவிட்டார்.

அக்கா பிள்ளைத்தாச்சியானதும் காரின் விதி முடிந்தது. இரண்டு சீட் காரில் குழந்தை இருக்கையை எங்கே பூட்டுவது? விற்பதென்று முடிவானது. அப்பாவோடு பக்டரியில் வேலை செய்யும் செர்ஜ் என்ற கியூபெக் மனிதர் காரின் படத்தைப் பார்த்ததிலிருந்து, "எப்ப எண்டாலும் சொல்லு, நான் எடுக்கிறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் விடவில்லை. எங்கள் வீடிருந்த புறநகரான பியர்பொன்ட்ஸிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போய் வருகிற ஒரு பெண்ணுக்குச் சிவப்புக் கார் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டு மேசையில் பெரிய பிரசங்கமே வைத்தேன். இந்தக் காரைக் குளிர்காலத்துக்கு முறையாகப் பூட்டி வைத்தால் பத்து வருடம் ஓடும், எங்கள் கராஜ் சும்மாதானே கிடக்கிறது, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"கராஜ் சும்மா கிடக்குதோ?" என்றார் அம்மா. அவருடைய மீன் பொரிக்கிற அடுப்பு, தூள் வறுக்கிற தாச்சி, பெரிய பிரீசர், மூட்டை மூட்டையாக அரிசி, அப்பாவின் வான் வண்டி எல்லாம் அங்கேதான் இருந்தன.

"உனக்குக் கார் பூட்டி வைக்கத் தெரியுமோ பிள்ளை?" என்றார் அப்பா.

"அப்பா, நான் எஞ்சினியர்."

"இன்னும் இல்லை."

அத்தான் நல்ல மனிதர். எனக்காகக் கதைத்தார். "மாமா, மச்சாள் ஆசைப்படுறா. ஒருக்கா விட்டுப் பாப்பமே." (அவருக்கும் கார் குடும்பத்துக்குள்ளேயே இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தொட்டுப் பார்க்கலாமே என்ற கள்ள ஆசை.)

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சரி. பனி கரையட்டும். முதல் சாவியில ஸ்டார்ட் எடுத்தா கார் உனக்கு. இழுத்து இழுத்து இருமிச்சுதெண்டா செர்ஜுக்கு."

இங்கே டிசம்பர் பிறந்தால் பனி டயர் கட்டாயம். அத்தானின் காருக்குப் பனி டயரே இல்லை. ஆகவே நவம்பர் முடிவதற்குள் காரைக் கொண்டுவந்து கராஜில் ஏற்றினோம். அம்மாவின் அடுப்பு நிலவறைக்குப் போனது. அப்பாவின் வான் வெளியே போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா காலையில் வான் கண்ணாடியில் ஐஸ் சுரண்டுகிற சத்தம் என் படுக்கையறை வரைக்கும் கேட்கும். வேண்டுமென்றே பலமாகச் சுரண்டினார் என்பது என் கருத்து.

வேலையை நான் குறை வைக்காமல் செய்தேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். காரைக் கழுவி மெழுகு பூசினேன். டாங்கை நிரப்பி, பெற்றோல் பழுதாகாமல் இருக்க ஒரு மருந்து ஊற்றினேன். டயர்களுக்குக் கூடுதலாகக் காற்றடித்தேன். பற்றரியைக் கழற்றிச் சூடான இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தது வீடியோ. வீட்டிலேயே சூடான இடம் சாமியறை. பிள்ளையார் படத்துக்குக் கீழே பற்றரியை சார்ஜில் போட்டேன். அடுத்த நாள் பார்த்தால் அதற்கு மூன்று குறி விபூதி.

"என்னம்மா இது?"

"சாமியறைக்குள்ள வந்திட்டுது. பூசாமல் விடேலுமே?"

எலி ஏறாமலிருக்கப் புகைக்குழாய்க்குள் சட்டி தேய்க்கிற கம்பிச் சுருளை அடைத்தேன். காருக்குத் தனியாகப் போர்வை விற்கிறார்கள். நான் அம்மாவின் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்புகளால் மூடினேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எப்ப எடுக்கிறியள்?" என்று செத்தவீட்டுக் குரலில் கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியாக ஒரு வேலை மிச்சமிருந்தது. காருக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும், ஈரம் உறிஞ்சுகிற பைகளை உள்ளே வையுங்கள் என்றது வீடியோ. இங்கேதான் என் மூளை மின்னியது. எங்கள் வீட்டு உப்புப் போத்தலுக்குள் எப்போதும் நாலு அரிசி கிடக்கும். உப்பு கசியாமலிருக்க. என் போன் குளியலறைத் தொட்டிக்குள் விழுந்தபோது ஒரு இரவு அரிசிக்குள் புதைத்து வைத்துத்தான் காப்பாற்றினோம். தமிழர்களாகிய நாம் காலங்காலமாகக் கையில் வைத்திருக்கிற விஞ்ஞானத்தை, வெள்ளைக்காரன் பையில் கட்டி விற்கிறான்! கராஜில் கைக்கெட்டிய தூரத்தில் குத்தரிசி மூட்டை.

அப்பாவின் பழைய வெள்ளைக் காலுறைகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றிலும் அரிசியை நிரப்பி, வாயைக் கட்டி, சீட்டுகளுக்குக் கீழேயும் பின்னாலும் வைத்தேன். ஒன்றைக் கண்ணாடியில் தொங்கவும் விட்டேன். காருக்குள்ளே ஆட்கள் வெட்டுப்பட்டுக் கால்கள் மட்டும் கிடப்பதுபோல இருந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். 'மச்சாள், நீங்கள் ஒரு ஜீனியஸ்' என்று பதில் வந்தது. (இப்போது அதைப் பற்றிக் கேட்டால், தான் அப்படி எழுதவேயில்லை என்கிறார்.)

எலி ஏறக்கூடாதென்று புகைக்குழாயை அடைத்துவிட்டு, உள்ளே ஒரு மூட்டை அரிசியைக் காலுறையில் கட்டிப் பரிமாறி வைத்திருக்கிறேன் என்பது ஒரு கணம்கூட எனக்கு உறைக்கவில்லை.

தை மாதத்தில் கராஜ் நிலத்தில் சின்னச் சின்னதாகக் கறுப்பாக ஏதோ கிடந்தது. அம்மாவின் சரக்குப் பேணிகள் அந்த மூலையில்தான் இருந்தன. கருஞ்சீரகம் கொட்டுப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த கிழமை காருக்குக் கிட்டவும் கருஞ்சீரகம். 'அம்மா ஏன் இவ்வளவு கவனமில்லாமல் இருக்கிறா' என்று கூட்டி அள்ளிப் போட்டேன்.

சித்திரையில் பனி கரைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தீர்ப்பு நாள். அக்கா குழந்தையோடு வீட்டில் நிற்க, அத்தான் மட்டும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். செர்ஜும் வந்தார். பெரிய உருவம், பெரிய வெள்ளை மீசை. "சும்மா பார்க்கத்தான்" என்றார். ஆனால் இன்சூரன்ஸ் விபரம்வரை விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

விரிப்பை உருவினேன். கார் புதுசுபோலப் பளபளத்தது. கம்பிச் சுருளை மறக்காமல் எடுத்தேன். பற்றரியைப் பூட்டினேன், விபூதியோடு. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவசரமாக டிரைவர் சீட்டில் விழுந்தேன். செர்ஜ் ஆசையை அடக்க முடியாமல் பக்கத்து சீட்டில் விழுந்தார். கார் ஒரு பக்கம் சரிந்தது. கண்ணாடியில் தொங்கவிட்ட காலுறை தட்டையாக, வெறுமையாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த எண்ணம் இதுதான்: ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அரிசி சுருங்கிவிட்டது!

(இந்த இடத்தில் என் பட்டத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.)

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. எஞ்சின் உறுமியது.

"முருகா!" என்றார் அம்மா. அத்தான் கண்ணைத் துடைத்தார். அப்பாகூட ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "பரவாயில்லை பிள்ளை" என்றார். அப்பாவின் அகராதியில் அதற்கு மேலே சொல் கிடையாது. கார் எனக்கு! அந்தச் சந்தோசத்தில், எல்லாமே வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக, ஹீட்டர் காற்றைக் கூட்டுகிற குமிழைக் கடைசி வரைக்கும் திருகினேன்.

முதலில் தகரக்கூரையில் மழை விழுகிற சத்தம் டாஷ்போர்டுக்குள் கேட்டது. அடுத்த விநாடி, இருந்த அத்தனை காற்றுத் துவாரங்களிலிருந்தும் குத்தரிசி பாய்ந்தது. அரிசி, உமி, காலுறைப் பஞ்சு, கடித்துத் துண்டு துண்டாக்கிய கார்ப் புத்தகத்தின் தாள்கள். எலி என் அரிசியைக் காலுறையிலிருந்து காற்றுக் குழாய்க்குக் குடிமாற்றியிருந்தது. செர்ஜின் மீசையில் அரிசி. அப்பாவின் திறந்த வாய்க்குள் அரிசி. குமிழைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். எல்லாம் அடங்கிய பிறகும் ஓரத் துவாரத்திலிருந்து ஒரேயொரு அரிசி மட்டும் ஆறுதலாக வந்து செர்ஜின் மடியில் விழுந்தது.

செர்ஜ் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன?" என்றார் செர்ஜ், பிரெஞ்சில்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பக்டரியில் சுத்தத்துக்குப் பேர்போனவர். மற்றவர்களின் சாப்பாட்டு மேசையைக்கூடத் துடைத்துவிட்டு இருக்கிறவர். திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 'அவன் வீட்டில் எலி' என்ற கதை எப்படிப் பரவும் என்பது அவர் நெற்றியில் ஓடியது. வாயிலிருந்த அரிசியை மெதுவாகத் துப்பினார். பிறகு, வினைச்சொல்லே இல்லாத தன் பக்டரிப் பிரெஞ்சில், எடுத்துவிட்டார்:

"அரிசி. எங்கட வழக்கம். ஆசீர்வாதம். புது ஆள், புதுக் கார், அரிசி."

செர்ஜின் கண்கள் விரிந்தன. "கல்யாணத்தில எறியிற மாதிரியா? எங்கட கல்யாணத்திலயும் சேர்ச் வாசல்ல எறிஞ்சாங்கள்!"

"ஓம், ஓம், அதேதான்," என்றார் அப்பா. நாங்கள் கல்யாணத்தில் அறுகரிசி தூவுவது உண்மை. காற்றாடி வைத்து அடிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஆனால் இவ்வளவு வேகமாகவா?"

அத்தான் குனிந்து, நல்ல பிரெஞ்சில் சொன்னார்: "கைக்குப் பதிலா மெசின் வைச்சிருக்கிறம். மச்சாள் எஞ்சினியர்தானே."

அந்த நேரம் பார்த்து என் காலடியிலிருந்து ஒரு எலி பாதி திறந்திருந்த கதவு வழியாகக் குதித்து, அம்மாவின் செருப்பை உரசிக்கொண்டு பூஞ்செடிப் பக்கம் போனது. நல்லகாலம், செர்ஜ் மீசையைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அலறுவார் என்று நான் கண்ணை மூடினேன். அவரோ வழிவிட்டு ஒதுங்கி, "பிள்ளையாரே" என்று கை கூப்பினார். பிள்ளையாரின் வாகனமல்லவா. அம்மா கும்பிடுவதைக் கண்ட செர்ஜும் அரிசி கொட்டக் கொட்டக் கை கூப்பினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. "எனக்காக இதை ஆயத்தம் செய்தது நீயா?"

இப்போது விளங்குகிறதா என் நிலை? புது ஆளுக்கு ஆசீர்வாதம் என்று அப்பா சொல்லியாயிற்று. அப்படியென்றால் கார் செர்ஜுக்கு. 'இல்லை, அது எலி' என்று ஒரு சொல் சொன்னால் கார் எனக்கு, முதல் சாவியில் ஸ்டார்ட் எடுத்ததற்கு நாலு சாட்சி. அப்பா ஜன்னலில் நின்று என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. ஆனால் குளிர்காலம் முழுக்க ஐஸ் சுரண்டிய கைகள் கதவு விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஓம், நான்தான்," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை செர்ஜ் காரைக் கொண்டுபோனார். எவ்வளவோ துப்புரவாக்கியும் தெருமுனையில் திரும்பும்போது கொஞ்சம் அரிசி கொட்டுப்பட்டது. நான் வாசலில் நின்று பார்த்தேன். அத்தானும் பக்கத்தில் நின்றார். எங்கள் இரண்டு பேரில் யார் அதிகம் அழுதது என்பதில் இன்றைக்கும் அபிப்பிராயபேதம் உண்டு.

அப்பா அன்று இரவு எனக்குப் பிடித்த புட்டும் நண்டுக்கறியும் செய்யச் சொன்னார். "உண்மையில கார் உன்ரதான்" என்றார். அப்படிச் சொன்னால் சரியா? நான் இரண்டு நண்டுக்கால் கூடக் கேட்டு வாங்கினேன்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் செர்ஜ் அந்தக் கோடை முழுக்கக் காரில் ஒரு சின்னக் கோளாறுமில்லாமல் ஓடினார். அதற்குக் காரணம் எங்கள் ஆசீர்வாதம் என்று பக்டரி முழுக்கச் சொல்லித் திரிந்தார். அடுத்த வசந்தத்தில் மகனுக்குப் புதுக் கார் எடுத்தவர், நேரே எங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவால் மறுக்க முடியவில்லை. அம்மா பட்டுச்சேலை கட்டி, தட்டில் அறுகம்புல்லும் அரிசியும் எடுத்து, முறையாகத் தூவினார். செர்ஜின் முகம் வாடிவிட்டது.

"இப்படியில்லையே," என்றார். "உள்ளுக்கிருந்து வர வேணும்."

ஆகவே, இப்போது முழுப் பட்டம் பெற்று, ஒரு நல்ல நிறுவனத்தில் வேலை பார்க்கும் எஞ்சினியராகிய நான், வருடா வருடம் சித்திரை மாதத்தில் முன்பின் தெரியாத மனிதர்களின் கார்த் துவாரங்களுக்குள் ஒரு கரண்டியால் குத்தரிசி போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வருடம் செர்ஜின் மைத்துனர் வந்தார், பக்டரி மேலாளர் வந்தார். கல்யாணம் பேசி வருகிறவர்களிடம் அம்மா என்னை "மகள் எஞ்சினியர்" என்று அறிமுகப்படுத்தினால், "எந்தப் பிரிவு?" என்று அவர்கள் கேட்பதற்குள் அத்தான் முந்திக்கொள்கிறார்:

"அரிசிப் பிரிவு."

கடைசியாக வந்தது ஒரு மின்சாரக் கார். காற்று மெதுவாகத்தான் வந்தது. நாலைந்து அரிசி சோம்பலாக எட்டிப் பார்த்து, துவார விளிம்பிலேயே தங்கிவிட்டன. கார்க்காரர் ஏமாற்றத்தோடு எங்களைப் பார்த்தார். அப்பா, அனுபவமுள்ள ஐயரைப்போல என் காதில் ரகசியமாகச் சொன்னார்:

"பிள்ளை, இந்த மொடலுக்குப் பச்சையரிசி போட்டுப் பாப்பம்."