குடிநீர் அலுவலகத்துத் துவாதுவா

பரமாரிபோ நகரில் எங்கள் குடிநீர் அலுவலகத்தின் தலையாய பணி, இயக்குநர் பினாஸ் அவர்களின் துவாதுவாவைப் பாட வைப்பது. புல்விதை கொறிக்கும் சின்னக் கறுப்புக் குருவி. ஞாயிறு காலை சதுக்கத்தில் எதிர்க்குருவியைவிட அதிகம் பாடினால் கோப்பை. கூண்டும் கையுமாக வேலைக்கு வருவது இங்கே பெரிய மனிதர்களுக்கு அழகு. எங்கள் இயக்குநர் மிகப் பெரிய மனிதர்.

அந்தக் குருவி திடீரென்று வாயை மூடிக்கொண்டது.

சுற்றறிக்கை பறந்தது: 'நாட்டு நலன் கருதி, அலுவலகத்தில் ஓசை தடை செய்யப்படுகிறது.' தொலைபேசிகளைப் பிடுங்கினோம். பொதுமக்கள் குறைகளைச் சைகையில் தெரிவித்தார்கள். குழாய் வெடித்ததை நடித்துக் காட்டிய ஒருவரை, மாரடைப்பு என்று பெஞ்சில் படுக்கவைத்து விசிறினோம்.

அப்போதுதான் ஹில்டா வந்தார். வாழைக்காய் வறுத்து விற்கிறவர். அவர் தெருக் குழாயில் ஒரு மாதமாகக் காற்றுதான் வருகிறது. நான் உதட்டில் விரல் வைத்தேன்.

"என்னய்யா உஷ்ஷு? பாத்திரம் கழுவத் தண்ணியில்லாம கடையை மூடிட்டேன்! குருவிக்குத் தண்ணி வைக்கத் தெரியுது, தெருவுக்கு விடத் தெரியலையா? கூண்டுக்குள்ள இருக்க வேண்டியது நீங்கதான்யா!"

கூண்டிலிருந்து ஒரு சீழ்க்கை. பிறகு நீண்ட பாட்டு. இயக்குநர் கண்ணீரோடு ஓடிவந்தார்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் திட்டுங்க!"

"முதல்ல தண்ணி விடுங்க."

"தண்ணி வந்துட்டா எதுக்கும்மா திட்டுவீங்க?"

நாங்கள் யோசித்துப் பார்த்தோம். வாதத்தில் ஓட்டை இல்லை, குழாயில் மட்டும்தான்.

மறுநாளே 'சிறப்பு வசைப் பணியாளர்' பதவி உருவாக்கப்பட்டது. மூடிய கடைக்கு இது மேல் என்று ஹில்டா கையெழுத்திட்டார். ஞாயிறன்று கோப்பை எங்களுக்கே. அதன்பின் ஊரில் இதுதான் நாகரிகம்: அலுவலகத்துக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு ஒரு தீராத குறை. நானும் ஒரு குருவி வாங்கினேன்.

போன வாரம் ஹில்டாவின் தெருக்காரர்கள் காலி வாளிகளோடு வந்தார்கள்.

"ஹில்டா, நீதான் உள்ள இருக்கியே, நம்ம தெருவுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தண்ணி வந்தா என் வேலை போயிடும்டி," என்ற ஹில்டா கூண்டை அவர்கள் பக்கம் திருப்பினார். "எதுவா இருந்தாலும் இங்க நின்னு சத்தமா சொல்லு."

சொன்னார்கள். ஹில்டாவின் பரம்பரையையே இழுத்துச் சொன்னார்கள். குருவி அவ்வளவு அருமையாக அதற்குமுன் பாடியதே இல்லை. வந்தவர்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.