இணையத் திருடனைப் பிடித்த கதை

எனக்குக் கணினியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரை எங்கள் சொந்தபந்தம் முழுவதும் என்னை நிபுணர் என்றே நம்பிக்கொண்டிருந்தது. எல்லாம் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரொஜெக்டர் மக்கர் செய்ததால் வந்த வினை. நான் போய் வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். (ஃபாதரும் தட்டினார். அதுதான் தலைக்கு ஏறிவிட்டது.)

குனோங் ராபாட்டில் இருக்கும் அப்படிப்பட்ட நிபுணரின் வீட்டில் இரண்டு மாதமாக இணையம் நொண்டிக்கொண்டிருந்தது. என் மனைவி ரோஸ்லினுக்கு அது பெரிய கவலை. பிள்ளைகளுக்காக எட்டு வருடம் வீட்டிலிருந்தவள், ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலைக்கு மனு போட்டிருந்தாள். நேர்காணல் ஆன்லைனில்.

“புதன்கிழமை பத்து மணிக்குங்க. லைன் இப்டி இருந்தா என் மூஞ்சிகூட தெரியாது. ஆள வரச் சொல்லுங்க லா.”

“ஆள் எதுக்கு? நான் இருக்கேன்ல?”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

வைத்தியத்தை ஆரம்பித்தேன். மோடம் பெட்டியின் கொம்புகளை நாலு திசையிலும் திருப்பினேன். கேக் தட்டுக்குப் போடும் அலுமினியத் தாளை அதன் பின்னால் விரித்தேன். பெட்டியை அலமாரியின் உச்சியில் ஏற்றினேன். அதில் ஒரு சிவப்பு விளக்கு ஓயாமல் மின்னியது. “அது ஏன் செவப்பா இருக்கு?” என்று ரோஸ்லின் கேட்டாள். “சுறுசுறுப்பா வேல செய்யுதுன்னு அர்த்தம்” என்றேன்.

ஒரு விசித்திரம் இருந்தது. பெட்டி இருக்கும் ஹாலைவிட, சாப்பாட்டு மேசைப் பக்கம்தான் இணையம் கொஞ்சம் உயிரோடு இருந்தது. அதாவது, பக்கத்து வீட்டு நாசர் பாய்க்கும் எங்களுக்கும் பொதுவான சுவரின் அருகில். வெயில் படாத சுவர், குளிர்ச்சியில் சிக்னல் நன்றாக ஓடும் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் பார்த்து, மடிக்கணினி வழியாக மோடத்தின் உள்ளே நுழைந்தேன். யார் யார் நம் இணையத்தில் இருக்கிறார்கள் என்று அங்கே பட்டியல் இருந்தது. மொத்தம் ஏழு. அதில் என் மடிக்கணினியும் ரோஸ்லினின் கைப்பேசியும் இரண்டு. மீதி ஐந்து? நாசர் ஃபோன். நாசர் டிவி. ஆயிஷா ஃபோன். ஆயிஷா டேப். (ஆயிஷா பாயின் மனைவி.) இன்னொன்று, நாசர் கடை ஃபோன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சிலிபினில் ஓயாமல் கூட்டம் நிற்கும் சாப்பாட்டுக் கடைக்கு முதலாளி, என் இணையத்தில் டிவி பார்க்கிறார்!

“பாய் அப்டிப்பட்ட ஆள் இல்லங்க,” என்றாள் ரோஸ்லின்.

“ஆதாரம் இருக்கு பாரு!”

ஐந்தையும் தடை செய்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். வைஃபையின் பெயரையும் ஆங்கில எழுத்தில் ‘சொந்தமா லைன் போடு’ என்று மாற்றிவைத்தேன். அடுத்த நிமிடமே இணையம் பறந்தது. ரோஸ்லினே அசந்துபோனாள். நான் ராஜா மாதிரி தூங்கப் போனேன்.

மறுநாள் பத்து மணி. ரோஸ்லின் மேலே கறுப்புக் கோட்டும் கீழே பூப்போட்ட பாத்தேக் கைலியுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர். கால் மணி நேரம் அருமையாகப் போனது. “ஒரு பெற்றோர் கோபமாக வந்து சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்கள். இவள் வாயைத் திறந்தாள். திரை உறைந்தது. நடுவிலிருந்த அம்மா கண்ணை மூடியபடியே நின்றுவிட்டார்.

திருடன் மறுபடி நுழைந்துவிட்டான்! வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு வாசலில் நாசர் பாயும், கையில் கருவிப் பெட்டியோடு ஒரு டெக்னீஷியனும் நின்றிருந்தார்கள்.

“பாய், நான் பேசாம இருக்கலாம்னு பாத்தேன். ஆனா அடுத்தவன் லைன்ல கை வைக்கிறது நல்லா இல்ல பாய்!”

பாய் முழித்தார். “என்னா லைன் தம்பி? எங்க வீட்டுக்கே நேத்து சாயங்காலத்துலேருந்து லைன் இல்ல. எவனோ உள்ள பூந்து பாஸ்வேர்டு மாத்தி, பேரு வேற வச்சிருக்கான். ‘சொந்தமா லைன் போடு’வாம். கொழுப்பப் பாத்தீங்களா? இப்பதான் இவரு எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா போட்டாரு.”

“அது எங்க வீட்டு லைன் பேராச்சே,” என்றது என் வாய். மூளைக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

டெக்னீஷியன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே, ஒங்க மோடத்தக் கொஞ்சம் பாக்கலாமா?”

சிவப்பு விளக்கைப் பார்த்ததும், “லைன் செத்து ரொம்ப நாளாச்சுண்ணே,” என்றார். அலமாரியை நகர்த்தினார். அதன் காலடியில் மெல்லிய கேபிள் நசுங்கிக் கிடந்தது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம் வைக்க அந்த அலமாரியைத் தள்ளியவன் நான்.

“அப்ப ரெண்டு மாசமா நெட்டு எப்டி வந்துச்சு?” என்றேன், செத்த குரலில்.

ரோஸ்லின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அலாமாக்! கிறிஸ்துமஸுக்கு லைன் போச்சுன்னு ஆயிஷா அக்காகிட்ட பாஸ்வேர்டு வாங்கி ஃபோன்லயும் மடிக்கணினிலயும் போட்டேன். மறுநாளும் நெட்டு வந்துச்சு, நம்ம லைன் சரியாயிருச்சுன்னுல்ல நெனச்சேன்!” இரண்டு வீட்டு வைஃபைக்கும் கம்பெனி வைத்த ஒரே பெயர்; கடைசி எண் மட்டும்தான் வேறு. மோடமும் ஒரே ரகம். உள்ளே போகும் கடவுச்சொல்லும் ஒன்றே. அதாவது, செவ்வாய்க்கிழமை நான் நுழைந்தது பாயின் மோடத்துக்குள். அந்தப் பட்டியலில் ஐந்து பேர் வீட்டுக்காரர்கள். மற்ற இருவர்தான் திருடர்கள்.

நான் கதவோரம் நின்ற பாயிடம் போனேன். “பாய், அந்தப் பேர வச்சது… நான்தான்.” நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண்ணும் கலங்கிவிட்டது.

பாயின் பார்வை ரோஸ்லினின் கோட்டுக்குப் போனது. “தங்கச்சிக்கு இண்டர்வியூவா? அத மொதல்ல முடிங்க. ஆயிஷா, மேசயக் காலி பண்ணு!”

கோட்டும் கைலியுமாக ரோஸ்லின் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பாய் வீட்டுக்கு ஓடினாள். ஆயிஷா அக்கா புதுக் கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தார். பள்ளியில் பெரிய மனசு பண்ணி மறுபடி அழைத்தார்கள். அதே கேள்வி. காலையில் தன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருவர் வந்து சத்தம் போட்டதையும், அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் அவள் நிதானமாகச் சொன்னாள். (அந்த ஒருவர் யார் என்று சொல்லவில்லை. நல்ல மனைவி.) வேலை கிடைத்தது.

பாய் என்னை மன்னித்துவிட்டார். மறக்கத்தான் இல்லை. போன மாதம் தெரு முழுக்கக் கரண்ட் போனபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டார்: “ஸ்டீபன் தம்பி, ஏதாச்சும் பேரு மாத்துனீங்களா?” தெருவே சிரித்தது.

அதுகூடப் பரவாயில்லை. செமோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் மாமியாருக்கும் விஷயம் போய்விட்டது. போன வாரம் போன் செய்தார். “மாப்ள, இங்க ரெண்டு நாளா பைப்புல தண்ணி வரல. கோவிச்சுக்காதீங்க, சும்மாதான் கேக்குறேன்… நீங்க அங்க எதையும் தொடலயே?”