மல்லிகா மேடத்துக்கு ஒரு தயிர் சாதம்

எனக்குப் பொய் சொல்ல வராது. எழுத மட்டும் நன்றாக வரும். அதுதான் என்னை வருமான வரி ஆபீஸ் வரை இழுத்துக்கொண்டு போனது.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் ஆர்டர் கொடுப்பவருக்குப் பெயர் 'பார்ட்டி'. "பார்ட்டிக்குச் சாப்பாடு வாங்கிக் குடுத்தா பில்லைச் செலவுல காட்டலாம். யாரு, இன்னா பேசுனீங்கன்னு பின்னாடி எழுதி வைங்க" என்றார் ஆடிட்டர். (மனுஷர் சும்மா இருந்திருக்கலாம்.)

அந்த வருடக் கல்யாண நாளுக்கு என் மனைவி காமாட்சியை மகாபலிபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். பில்லைப் பார்த்ததும் தின்ற நண்டு தொண்டைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து பின்பக்கம் எழுதினேன்: 'பார்ட்டி: மல்லிகா மேடம், பர்ச்சேஸ் மேனேஜர். பேச்சுவார்த்தை நல்லபடி முடிந்தது.' என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கணக்கைச் சரிபார்க்க வருமான வரிக்காரர்கள் செங்கல்பட்டு ஆபீஸுக்கு வரச் சொன்ன அன்று பார்த்து ஆடிட்டருக்குக் காய்ச்சல். ஆபீஸரைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று காமாட்சி துணைக்கு வந்தாள். ஆபீஸர் பில்லைத் திருப்பினார்.

"யாருங்க இந்த மல்லிகா மேடம்?"

காமாட்சி நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். "சொல்லுய்யா, எனக்கும் தெரியணும். இன்னா பேச்சுவார்த்தை?"

பார்ட்டி என்றால் வரி மிச்சம், குடும்பம் காலி. பொண்டாட்டி என்றால் மானம் காலி.

"இவதான் சார் மல்லிகா" என்றேன்.

"என் பேரு காமாட்சி சார்!"

பில்லைப் பிடுங்கி முன்பக்கம் படித்தாள். நண்டு வறுவல் ஒன்று, தயிர் சாதம் ஒன்று. முகம் கொஞ்சம் இளகியது. "நான்தான் சார் அது. அன்னிக்கு சனிக்கெழம, கவுச்சி துன்னமாட்டேன். அம்மாம் நண்டு கீற எடத்துல தயிர் சாதம் வேற எவ சார் கேப்பா?"

ஆபீஸர் சிரித்து முடிக்க நேரமானது. பிறகு பில்லைச் சிவப்பு மையால் அடித்தார். "இனிமே அம்மாவைச் சொந்தக் காசுல கூட்டிட்டுப் போங்க."

என்னைக் காப்பாற்றியவள் கையைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அவள் தரவில்லை. "கல்யாண நாளையும் கணக்குல எழுதிட்டியேய்யா" என்று பஸ்ஸில் வீடு வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

இன்றும் கல்யாண நாள் வந்தால், "நைனா, மல்லிகா மேடம் ரெடி!" என்று மகன் குரல் கொடுப்பான். சாப்பிட்டு முடித்ததும் காமாட்சி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, பில்லின் பின்பக்கம் எழுதுவாள்: 'பார்ட்டி: மல்லிகா. பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.'