மைக் செட்டும் மூணாவது கூப்பாடும்

எங்க ஊருக்கு இங்கிலீசு வார்த்தை எதுவும் தனியா வந்ததில்லை. ஏதாவது ஒரு சாமானைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கு. ‘செட்டு’ங்கிற வார்த்தை முதல்ல கிணத்துக்குப் பம்பு செட்டா வந்தது. பிறகு கல்யாணத்துக்கு நகை செட்டு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட்டு. அஞ்சாவது வரைக்கும் படிச்ச நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: தனித்தனியா கிடந்தா உதவாததை முறையா அடுக்கிச் சேர்த்தா அது செட்டு. (நாலு பேர் முன்னால வாயே திறக்காத நான் எந்தச் செட்டிலயும் சேராத சாமான்.)

தொண்ணூறுகள்ல ஒரு பங்குனிக் கொடைக்கு மைக் செட்டை எங்க வீட்டுல இறக்கி, எங்க கரண்டுலயே மாட்டினாங்க. சத்தம் வர்ற குழாயை வேப்பமரத்து உச்சியில, காட்டைப் பார்த்துக் கட்டியிருந்தாங்க.

மறுநாள் வாரதாச் சொன்ன எப்போதும்வென்றான் ஊர்க்காரங்க, என் மகளைப் பொண்ணு பார்க்க அன்னைக்கே உச்சிவேளையில வந்து நின்னுட்டாங்க. அடுத்த பஸ்ஸுக்குப் போயாகணுமாம். அதுக்கு முந்தியே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. வீட்டுக்காரரோ பருத்தி எடுக்க ஆளுகளோட காட்டுல இருக்காரு. பொண்ணோட அப்பா இல்லாம அவங்க பேச்செடுக்க மாட்டாங்க. ஓடிப்போய்ச் சொல்லத் தெருவுல ஆளில்லை. ஊரே பருத்திக்காட்டுல கிடந்தது.

வெளியூர்க்காரரான மைக் செட்டுக்காரருக்கு எங்க காடு எதுன்னு தெரியாது. ஆனா யோசனை மட்டும் சொன்னார். “அக்கா, இதுல கூப்பிடுங்க. காடு பூரா கேட்கும்.”

“நீங்களே கூப்பிடுங்க அண்ணாச்சி.”

“என் சத்தம்னா கொடைக்கு டெஸ்டிங்குன்னு நினைப்பாவ. உங்க சத்தம்னாத்தான் வருவாவ.”

அடுப்படிக்குள்ள போய், மைக்கையும் என் மூஞ்சியையும் சேர்த்து முந்தானையால மூடிக்கிட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிடுற வழக்கம் கிடையாது. “ஏங்க... வீட்டுக்கு வாங்க”ன்னு முனகினேன். மரத்து உச்சியிலருந்து யாரோ ஒருத்தி பெருமூச்சோட கூப்பிட்டா. அது என் சத்தமாவே இல்லை. மரத்துக் குருவிகள் கப்புன்னு அடங்கிருச்சு. கொஞ்சம் பொறுத்துக் கண்மாய்க்கரைப் பக்கமிருந்து எதிரொலியா அவளே திரும்பவும் முனகினா. ரெண்டாவது தடவை “ஏங்க”ங்கும்போதே முந்தானை வழுக்கி, விருந்தாளிகளுக்குக் கிண்டி வச்ச கேசரிக்குள்ள மைக்கு முங்கிருச்சு. கொர்ருன்னு ஒரு சத்தம். அதோட மைக் செட்டு செத்துப்போச்சு. (நெய் தாராளமா விட்டிருந்தேன்.)

எங்க பக்கம் உச்சிவேளையில யாரும் கூப்பிட்டா உடனே ஏன்னு குரல் கொடுக்க மாட்டோம். பேய் ரெண்டு தடவைதான் கூப்பிடும், மனுசர்தான் மூணாவதும் கூப்பிடுவாங்கங்கிறது நம்பிக்கை. ஆகாயத்துலருந்து முனகல் கேட்டதும் காட்டுல எல்லாரும் மடிப் பருத்தியோட அப்படியே உட்கார்ந்துட்டாங்களாம்.

இங்கன விருந்தாளிக பையைத் தூக்கிட்டாங்க. என் மக கதவு மறைவுல நின்னு பூவைக் கழற்ற ஆரம்பிச்சா. அப்போ தலையெல்லாம் பருத்திப் பஞ்சோட வீட்டுக்காரர் ஓடிவந்து வாசல்ல மறிச்சார். பேச்சு முடிஞ்சு, அன்னைக்கே வெத்திலை பாக்கு மாத்தியாச்சு.

அவங்க போன பிறகு கேட்டேன், “மூணாவது கூப்பிடாம எப்படி வந்தீங்க?”

“ஏட்டி, நீதான கூப்பிட்ட? அதுவும் என் பேரைச் சொல்லி, கூடவே ‘யய்யா, ஓடியாய்யா’ன்னு.”

நான் கேசரிச் சட்டியைக் காட்டினேன். அவர் மூஞ்சி வெளுத்துப்போச்சு. அவர் பேரை நான் இன்னைக்கு வரை சொன்னதில்லை, இங்கயும் எழுத மாட்டேன். அவரை யய்யான்னு கூப்பிட்டது அவுக அம்மை ஒருத்திதான். எங்க கல்யாணத்துக்கு முந்தியே, அதே காட்டுல பருத்தி எடுக்கையில போய்ச் சேர்ந்தவ. கூட இருந்த ஆளுகளைக் கேட்டோம். எதிரொலி போக, ரெண்டு சத்தம்தான் கேட்டுச்சாம்.

அன்னைக்கு வந்த மாப்பிள்ளைதான் இப்போ என் மருமகன். அவர் சொல்லித்தான் தெரியும், செட்டுக்கு இங்கிலீசுல எக்கச்சக்க அர்த்தம் இருக்காம். உட்கார வைக்கிறதுங்கிறது ரொம்பப் பழைய அர்த்தமாம், கூட்டம்ங்கிறது வேற பாஷையிலருந்து வந்து கலந்ததாம். “ஒரு காட்டையே உட்கார வச்சீங்களே அத்தை, சரியாத்தான் இருக்கு”ன்னு இன்னமும் சிரிக்கார்.

இப்பவும் சாப்பிடக் கூப்பிட்டா பேரப்பிள்ளைக அசையாது. “ஆச்சி, மூணாவது கூப்பாடு வரலை, இன்னும் செட்டு சேரலை”ன்னு கேலி பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். நான் ரெண்டோட நிறுத்திக்கிடுவேன்.

ஆனாலும் கொஞ்ச நேரத்துல எல்லாம் எந்திரிச்சு வந்துருதுக.