நான் மேசையை வாசித்த கதை

மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரனின் காரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். தம்பியின் சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களும் உண்டு. நான் என் மகளுக்குப் பிரெயில் சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சும்மா இல்லை, சாப்பாடு இறங்காத அளவுக்குப் பட்டேன். (ரொட்டிக் கடைச் சமையல்காரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

என் மகள் செலினுக்குப் பிறந்ததிலிருந்தே கண்பார்வை இல்லை. அவளுக்கு எட்டு வயதாகும்வரை இந்த உலகத்தில் எழுதியிருந்த எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும் உத்தியோகம் என்னிடம்தான் இருந்தது. சனிக்கிழமைகளில் பொண்டியிலிருந்து ரயிலில் வந்து கார் து நோர் நிலையத்தில் இறங்கி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் உள்ள தமிழ் வகுப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். வழியெல்லாம் கடைப் பலகைகளை வாசிப்பேன். உள்ளதை உள்ளபடி வாசித்தால் அலுக்கும் என்பதால் கையிலிருந்தும் கொஞ்சம் சேர்ப்பேன். நகைக் கடைப் பலகையில் ‘அழுகிற பிள்ளைகளுக்குத் தோடு விற்கப்படமாட்டாது’ என்று எழுதியிருப்பதாகச் சொல்வேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்போதுதான் அவளுடைய அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு மதாம் இஸபெல் வந்து சேர்ந்தார். செவ்வாயும் வெள்ளியும் வருவார். அவருக்கும் கண் தெரியாது. வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு வருவார், செலினுடன் ஒரு மேசையில் அமர்ந்து, தடித்த தாளில் இருக்கும் புள்ளிகளை விரலால் தடவ வைப்பார். ஆறு மாதத்தில் வீட்டில் என் பேச்சு எடுபடாமல் போனது. விரல் மென்மையாக இருக்க வேண்டும் என்று மதாம் சொன்னாராம், கிறீம் வாங்க வேண்டும். முதுகை நிமிர்த்தி இருக்க வேண்டும் என்று மதாம் சொன்னாராம், கதிரையை மாற்ற வேண்டும். (முதுகை நிமிர்த்தச் சொல்லி நான் நாலு வருடம் கத்தியிருக்கிறேன். எவர் கேட்டார்?)

ஒருநாள் செலினுக்குக் காய்ச்சல். வழக்கம்போல் ‘தேன் மருந்து’ என்று சொல்லிக் கசப்பு மருந்தைக் கரண்டியில் ஊற்றினேன். அவள் பெட்டியை எடுத்தாள். இங்கே மருந்துப் பெட்டிகளில் பெயரைப் பிரெயிலிலும் போட்டிருப்பார்கள். விரலை ஓட்டிவிட்டு, இதில் தேன் என்று இல்லையே என்றாள். அன்றைக்கு என் உத்தியோகம் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது.

விடுவேனா? நானும் பிரெயில் படிக்கிறேன் என்று அறிவித்தேன். செலினுக்குப் பிடிபடாத சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஆனால் பன்னிரண்டு வருடம் சூட்டுத்தட்டில் ரொட்டி பிரட்டிய விரல்கள் என்னுடையவை. கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கலாம், ஒரு புள்ளி தட்டுப்படாது. நாலு நாள் தடவிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் ஒரே சொரசொரப்பாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். விரும்பியவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் படிக்கும் கதையிலிருந்து ஒரு பகுதியை விரலால் வாசிக்கலாமாம். சந்தைக்குப் போகும் ஒரு கழுதையின் கதை, இரண்டு பக்கம். சாதாரண அச்சிலும் ஒரு பிரதி செலினின் பையில் இருந்தது.

சின்ன வயதில் மாதா கோயில் ஞானப்பாட வகுப்பில் நாங்கள் எதையும் விளங்கிப் படித்தவர்கள் இல்லை. பாடமாக்கி, சாமியாருக்கு முன்னால் கையைக் கட்டி நின்று மூச்சு விடாமல் ஒப்புவித்தவர்கள். அந்தப் பழக்கம் கைகொடுத்தது. பிரதியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, கொத்துரொட்டி கொத்தும் தாளத்துக்கு அந்தப் பிரெஞ்சுக் கழுதையைப் பத்து நாளில் பாடமாக்கினேன். என் மனைவி ஜெசிந்தா மட்டும் எச்சரித்தாள்.

“தெரியாதெண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகுது? ஏன் உந்த வேலை?”

நான் பதிலுக்கு ஒரு பந்தி ஒப்புவித்துக் காட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை அறுபது ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு போனோம். (எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு எந்தக் கூட்டத்துக்கும் போகமாட்டார்கள்.) எனக்கு முன்னால் வாசித்த ஒரு தகப்பன் வியர்த்து விறுவிறுத்து மூன்று எழுத்தைக் கண்டுபிடித்தார். அதற்கே கைதட்டினார்கள். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். செலின் முன்வரிசையில் இருந்தாள். பக்கத்துப் பிள்ளையிடம், அடுத்தது என்ரை அப்பா என்று சொன்னது எனக்குக் கேட்டது.

கண்ணைக் கட்டினார்கள். விரலைத் தாளில் வைத்தேன். முதல் இரண்டு சொல்லை வேண்டுமென்றே தடுமாறி வாசித்தேன். (நடிப்பு!) பிறகு ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பது போல் கணீரென்று பிடித்தேன். வகுப்பு கப்சிப். மதாம் மலைத்துப் போய்விட்டார் என்ற ஆனந்தத்தில் எனக்கு வேகம் கூடியது. கழுதை சந்தைக்குப் போனது, வெங்காயம் பார்த்தது, மழை வந்தது, திரும்பி நடந்தது.

“மிஸ்யு,” என்றார் மதாம் இஸபெல் மிக மரியாதையாக. “கழுதை சந்தைக்குள் நுழைவதோடு முதல் பக்கம் முடிந்துவிடுகிறது. நீங்கள் தாளைப் பிரட்டிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை.”

வாயை மூடிக்கொண்டு கட்டை அவிழ்த்திருக்கலாம். நான், முழுத் தைரியத்தோடு, பக்கத்தைப் பிரட்டுவதற்காகக் கையால் துழாவினேன். தாள் அகப்படவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். என் விரல் எப்போதோ தாளை விட்டு இறங்கி, நாலைந்து வசனத்தை வெறும் மேசையில் வாசித்திருக்கிறது. கண் தெரிந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நாகரிகமாக இருந்திருக்கிறார்கள். கண் தெரியாத ஒருவர்தான் என்னைப் பிடித்தார்.

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு கூரையே அதிர்ந்தது. ஜெசிந்தா ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு, யாரோ எவரோ போல் மறுபக்கம் போய்விட்டாள். செலின் சிரிக்கவில்லை. தலை குனிந்திருந்தாள். என் மானம் போனது பெரிதாகத் தெரியவில்லை, அந்தத் தலை குனிந்ததுதான் என்னைக் கொன்றது.

தமிழ் வகுப்புக்குப் போகச் செலினும் நானும் ரயில் ஏறினோம். கார் து நோரில் இறங்கிய பிறகுதான் அவள் கேட்டாள், பிரெஞ்சில். ஏன் பொய் சொன்னீர்கள் என்று. எனக்குப் பிரெஞ்சில் வெட்கப்படத் தெரியாது, தமிழில்தான் சொன்னேன்.

“அவ வந்தாப்பிறகு நீ என்னட்டை ஒண்டும் வாசிச்சுத் தரச்சொல்லிக் கேக்கிறேல்லை. எனக்கு எரிச்சலாயிருந்தது.”



“மதாம் எழுதியிருக்கிறதைத்தான் வாசிப்பா,” என்றாள். “நகைக் கடையிலை தோட்டைப் பற்றி அப்பிடி எழுதியில்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். இண்டைக்கு என்ன எழுதியிருக்குது?”

அன்று நான் அந்த வீதியில் ஒரு பலகையை மிச்சம் விடவில்லை. தமிழ் வகுப்புக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனோம்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடமாகிறது. எங்கள் வீட்டில் யாராவது கதை விட்டால் “பக்கம் முடிஞ்சுது” என்று சொல்வது அன்றிலிருந்து வழக்கம். தொண்ணூறு வீதம் எனக்குத்தான் சொல்வார்கள். செலின் இப்போது லிசேயில், அதுதான் மேல்நிலைப் பள்ளியில், படிக்கிறாள். அங்கே பிரெயிலுக்கு வேறொரு இளம் டீச்சர் வந்திருக்கிறார். காலையிலிருந்து இரவுவரை அவர் புராணம்தான்.

போன மாதம் மதாம் இஸபெல் எங்கள் கடைக்கு ரொட்டி சாப்பிட வந்தார். செலினும் கூட இருந்தாள். பாதி ரொட்டியில் மதாம், சும்மா கேட்பது போல் கேட்டார். புது டீச்சர் நேரத்துக்கு வருகிறாரா? விரல் பிடிப்பதெல்லாம் கவனிக்கிறாரா? செலினுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா?

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்த வருத்தத்தில் ஒரு வருடம் படுத்து எழும்பியவன் நான். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். புதிதாக வந்த அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது மதாம், செலின் எந்த நேரமும் உங்கள் கதைதான், புது டீச்சரின் பெயர்கூட அவள் வாயில் நுழைவதில்லை என்று.

“அப்பா,” என்றாள் செலின், “பக்கம் முடிஞ்சுது.” மதாமுக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சிலும் சொன்னாள்.

மதாம் இஸபெல் அவளுடைய கையை எட்டிப் பிடித்தார்.

“இரு செலின்,” என்றார். “இன்னும் கொஞ்சம் வாசிக்கட்டும்.”